அடைக்கிக்கு நான் எழுதிக் கொடுத்த தாடி

மனு எழுதுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: எழுதுகிறவன் ஒருவன், கையெழுத்துப் போடுகிறவன் இன்னொருவன், ஆகவே பாவம் யாரைச் சேரும் என்று இருவருமே யோசிக்க வேண்டியதில்லை.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் ஒரு தாலுகா கச்சேரிக்கு எதிரே, வாகை மரத்தடியில், சாய்வுப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். எந்தத் தாலுகா என்று சொல்லப் போவதில்லை. கச்சேரி வாசலில் கால் கடுக்க நின்று, தான் சொன்னது ஒன்று, காகிதத்தில் ஏறியது ஒன்று என்று வீடு திரும்பிய அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் உங்களோடு நின்றவன் அல்ல, உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன். ஆனாலும் கடைசியில் நானும் உங்கள் வரிசையில் வந்து நிற்கும்படி ஆயிற்று.

கொல்லர் ஆறுமுகம்

நான் எழுதிய முதல் பைத்திய மனு, குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கொல்லர் ஆறுமுகத்தைப் பற்றியது. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மனைவி வந்து அழுதாள். புருஷனைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப சர்க்கார் வழி செய்ய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. தொழிலில் புதியவன் ஆனதால் எனக்குக் கொஞ்சம் மனச்சாட்சி மிச்சம் இருந்தது. அவளோடு நடந்து போய், உலைக்களத்துக்கு எதிரே அரை நாள் உட்கார்ந்து அந்த மனிதரைப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே ஏழு குறிகளாக எழுதினேன். தூங்குவதில்லை. தனியே பேசுகிறார். காரணமின்றிச் சிரிக்கிறார், அழுகிறார். சாப்பாட்டைத் தள்ளுகிறார். வீட்டை விட்டு வெளியேறித் திரிகிறார். தாடியைப் பிய்த்துக்கொள்கிறார். உறவினரைக் கண்டால் ஏசுகிறார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனு பாதியில் நின்றது போல் எனக்குத் தோன்றியது. ‘ஆகையால் மேற்படியார் சித்த சுவாதீனம் இல்லாதவர், தம் தேகத்தையும் சொத்தையும் தாமே பார்த்துக்கொள்ளத் தகுதியற்றவர்’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். அந்த அம்மாள் கேட்காதது அது. ஓசைக்காகச் சேர்த்தேன் என்றால் நம்புவீர்களா? மனு உள்ளே போய் அரை மணி நேரத்தில் பெஞ்சு கிளார்க் நடேசன் வெளியே வந்து என் தோளைத் தட்டினார்.

“ஓய், பைத்திய மனுன்னா இப்படி இருக்கணும்னு மாஜிஸ்திரேட்டே சொல்லிட்டார், இதையே மாதிரியா வச்சுக்கும்!”

வராத ஆட்கள்

வைத்துக்கொண்டேன். அந்த மனுவின் பிரதி ஒன்று பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டப்பட்டு, பின்னால் வந்த எல்லாப் பைத்திய மனுக்களுக்கும் தாயாக இருந்தது. பேர், தகப்பன் பேர், ஊர் மூன்றையும் மாற்றினால் போதும். அதற்குப் பிறகு நான் யாரையும் போய்ப் பார்க்கவில்லை. வில்லங்க மனுவுக்கு நிலத்தைப் போய்ப் பார்ப்பதில்லை, மாட்டுத் திருட்டு மனுவுக்கு மாட்டைப் பார்ப்பதில்லை, இதற்கு மட்டும் ஏன் என்பது என் வாதம். பைத்திய மனுவுக்கு ஒரு விசேஷம் உண்டு. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் ஒருநாளும் மரத்தடிக்கு வரமாட்டார்.

ஒருமுறை தன் அண்ணனுக்காக ஒருவர் வந்தார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன். முதல் குறியிலேயே அவர் தலையைச் சொறிந்தார். “அண்ணன் நல்லாத் தூங்குவாருங்களே” என்றார். அடித்துவிடட்டுமா என்று பேனாவை எடுத்தேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க, இருந்துட்டுப் போகட்டும், அடிச்சா காகிதம் அசிங்கமாப் போயிரும்.”

சின்னக்கண்ணு

யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் சின்னக்கண்ணு என்பவர் வந்தார். துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்று பேசிய மரியாதைக்காரர். விஷயம் அவருடைய அண்ணியைப் பற்றியது. அடைக்கி என்று பெயர். அண்ணன் பாகம் பிரிந்து போய், ஆண் பிள்ளை இல்லாமல் இறந்துவிட்டார். அவருடைய வயல் அடைக்கியின் ஆயுசு வரைக்கும் அவளுக்கு, அதற்குப் பிறகுதான் சின்னக்கண்ணுவுக்கு. ஒரே மகள் இருந்தாள், அவளும் ஓர் ஆடி மாதம் கம்மாயில் விழுந்து போய்விட்டாள். அதிலிருந்து அண்ணி தனியாகப் பேசுகிறாள், ஆடி வந்தால் கம்மாய்க் கரையிலேயே கிடக்கிறாள் என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை என்று இன்றும் சொல்வேன். என் பெட்டி மூடியில் ஏழு குறிகள் தயாராக இருந்தன, மனு அரை மணி நேர வேலை. ஆறுமுகத்தை அடைக்கியாக்கி, ‘கிறார்’ எல்லாவற்றையும் ‘கிறாள்’ ஆக்கிக்கொண்டே, பேச்சுக்காக ஒரு கேள்வி கேட்டேன்: வயலை அப்படியே தரிசாகப் போட்டுவிட்டாளா? சின்னக்கண்ணு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“இல்லீங்க, வெள்ளாமையெல்லாம் ஊரே பாக்குற மாதிரி எடுக்குறா, அதாங்க பயமா இருக்கு.”

வண்டிக்குள் பரிசோதனை

அடைக்கியைக் கூண்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். கச்சேரி வளவுக்குள் வண்டி போவதை மட்டும் பார்த்தேன், முன்னும் பின்னும் படுதா தொங்கியது. டாக்டர் வந்தார். பின் படுதாவைத் தூக்கினார், உள்ளே அவள் யாரிடமோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாளாம். படுதாவை விட்டுவிட்டார். நடேசனிடம் என் மனுவைக் கேட்டு வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு, ஒன்று முதல் ஏழு வரை அப்படியே சர்ட்டிபிகேட்டில் ஏற்றினார். மாஜிஸ்திரேட் சர்ட்டிபிகேட்டைப் பார்த்து உத்தரவில் ஏற்றினார். அடைக்கியையும் அவள் வயலையும் கொழுந்தன் பொறுப்பில் விட்டார். வெயில் உச்சிக்கு வரும் முன்பே வண்டி திரும்பிவிட்டது.

ஆளைக் கீழே இறக்கி நாலு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டாமா என்று நடேசன் ஒப்புக்குக் கேட்டாராம். டாக்டர் சொன்ன பதிலை அவர் என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் எழுத்துக்குக் கிடைத்த பாராட்டாக அதை எடுத்துக்கொண்டேன்.

“எல்லாம்தான் மனுவிலேயே இருக்கிறதே, நான் வேறு எதைப் பார்ப்பது?”

கால் வளையம்

மூன்று வருஷம் போயிற்று. யுத்தத்தால் காகிதம் கிடைக்காமல் பழைய மனுக்களின் முதுகில் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு சந்தை நாளில், ஜனத்தோடு ஜனமாக ஒரு பெண்பிள்ளை வந்து என் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். வலது கணுக்காலில் கந்தைத் துணியைச் சுற்றியிருந்தாள். புண் என்று நினைத்தேன். அவளே துணியை விலக்கிக் காட்டினாள். இரும்பு வளையம், அதிலிருந்து தொங்கும் இரண்டு கண்ணிச் சங்கிலி. சத்தம் கேட்காமலிருக்கத் துணி சுற்றியிருக்கிறாள். மூன்று வருஷமாக மாட்டுக் கொட்டகையில் கட்டிப் போட்டிருந்தார்கள், தொட்டிக் கல்லில் நாலு மாதம் தேய்த்து மூன்றாவது கண்ணியை அறுத்தேன் என்றாள். பேர் கேட்டேன். அடைக்கி என்றாள்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. தெரிய எப்படி முடியும்? எனக்கும் அவளைத் தெரியாது, படுதாவைத்தான் தெரியும். மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்தவள் அலறுவாள், சாபம் விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சந்தைக்குப் பருத்தி கொண்டுவந்தவள் போல நிதானமாகப் பேசினாள். இடையிடையே பக்கத்தில் திரும்பி, “இரு, பேசிட்டு வாரேன்” என்று காலி இடத்தைப் பார்த்துச் சொன்னாள். தனக்கு ஒரு மனு எழுத வேண்டும் என்றாள். உனக்குச் சித்தம் சரியில்லை என்றல்லவா உத்தரவு இருக்கிறது என்று இழுத்தேன்.

“எனக்குக் கோளாறு இருக்குதுங்க, நான் இல்லைங்கல, ஆடி மாசமானா எம் மக கூப்புடுறா, நான் போயிருவேன், அதுக்காக மத்த பதினோரு மாசமும் வயலு என்னது இல்லைன்னு ஆயிருமா?”

ஆறாவது குறி

உத்தரவின் நகல் வேண்டியிருந்தது. நடேசனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்து, அவள் கேட்டதால் அவளுக்கே வாசித்துக் காட்டினேன். பக்கத்துப் பெட்டியில் இருந்த இன்னாசிமுத்துவும் கேட்டுக்கொண்டிருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல கையெழுத்துக்காரன். தூங்குவதில்லை என்று வாசித்தேன். “சரி” என்றாள். தனியே பேசுகிறாள். “சரி.” சிரிக்கிறாள், அழுகிறாள். “அளுகுறது சரி.” இப்படி ஒவ்வொன்றுக்கும், வரி ரசீதைச் சரிபார்ப்பவள் மாதிரி, உள்ளதை உண்டென்றும் இல்லாததை இல்லையென்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆறாவதை வாசித்தேன்: தாடியைப் பிய்த்துக்கொள்கிறாள்.

வாசித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. இன்னாசி, “அண்ணே, இந்தம்மாவுக்கு எப்பண்ணே தாடி மொளைச்சுச்சு?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். நகலைத் திரும்பப் பார்த்தேன். என் மனுவில் தாடி. டாக்டர் சர்ட்டிபிகேட்டில் தாடி. மாஜிஸ்திரேட்டின் உத்தரவில், மேற்படி குறிகள் யாவும் நமக்குத் திருப்தியாக நிரூபிக்கப்பட்டன என்ற வரிக்கு மேலே, தாடி. கொல்லர் ஆறுமுகத்தின் தாடி மூன்று பேர் கை மாறி, மூன்று பேர் கண்ணிலும் படாமல், ஒரு பெண்பிள்ளையின் முகத்தில் ஏறி உட்கார்ந்து, அவள் காலில் வளையமாக இறங்கியிருந்தது.

அடைக்கி சிரிக்கவில்லை. முகவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இன்னாசியை விட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் கேட்டதைக் காதில் வாங்காதவன் போல் ஏழாவதையும் வாசித்துவிட்டு, நகலை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

“இதை எளுதுன புண்ணியவான் யாருங்க, என்னைய ஒரு தடவையாச்சும் பாத்திருக்காரா?”

செல்லாத கைநாட்டு

மனுவை எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் தாடியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. தாடியை எழுதினால், அதை எழுதியவன் யார் என்பதையும் எழுத வேண்டும். என் லைசென்ஸ் போய்விடும். அதைச் சொல்லாமலே காரியம் ஆகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, அவள் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வாங்கி, நடேசனிடம் நீட்டினேன். அவர் மனுவைப் படிக்கவில்லை, கைநாட்டை மட்டும் பார்த்தார். “சித்த சுவாதீனம் இல்லாதவ கைநாட்டு செல்லாது ஓய். அவ சார்பா அவ பொறுப்பாளன் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரட்டும்” என்றார். பொறுப்பாளன் அவள் கொழுந்தன்தானே, அவனுக்கு எதிராகத்தானே இந்த மனு என்றேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரித்தார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சின்னக்கண்ணு கூண்டு வண்டியோடு வந்துவிட்டார். இப்போதும் துண்டு கக்கத்தில்தான் இருந்தது. “அண்ணி, வாங்க, வெயில்ல எதுக்கு” என்று அவளைக் கையைப் பிடித்து எழுப்பினார். கூடியிருந்தவர்கள் ஏதோ வேடிக்கை நடக்கும் என்று நெருங்கி வந்தார்கள். அடைக்கி ஒரு சொல் பேசவில்லை, கையை உதறவும் இல்லை. ஏழாவது குறியை அவளுக்குக் காலையில்தான் வாசித்துக் காட்டியிருந்தேன்: உறவினரைக் கண்டால் ஏசுகிறாள். வண்டியில் ஏறும் முன் என்னைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

“நான் கத்தலீங்க, நீங்க பாத்துக்கிட்டீங்கள்ல?”

இன்னாசியின் ஆலோசனை

அதற்குப் பின் சில நாள் நான் கச்சேரிக்குப் போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், எத்தனை ஆட்களைப் பார்க்காமல் எழுதினேன் என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன். பெயர்கள் கூட நினைவில் இல்லை, மாற்றிப் போட்டதால் எல்லாரும் ஆறுமுகமாகவே தெரிந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் காலில் வளையம்? நான் அடைக்கிக்காக இரங்குகிறேனா, அல்லது மாட்டிக்கொண்டதற்காக அஞ்சுகிறேனா? இன்று வரை இந்தக் கேள்விக்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. இன்னாசி வந்து பார்த்தான். மாஜிஸ்திரேட் முன் நின்று உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். அவன் தன் ஆலோசனையைச் சொன்னான்.

“சொல்லுங்கண்ணே, ஆனா அவளுக்கு விடுதலை கெடைக்குதோ இல்லையோ, ஒங்களுக்குக் கெடைச்சிரும், தொழில்ல இருந்து.”

திருத்தம்

சொன்னேன். ஐயா, அந்த மனுவை எழுதியவன் நான், அந்தப் பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை, ஆறாவது குறியே அதற்குச் சாட்சி. யாருமே அவளைப் பார்க்கவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி என்ற வாக்கியத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லும் முன் கச்சேரியில் சிரிப்பு எழுந்துவிட்டது. மாஜிஸ்திரேட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டார். உத்தரவை வரவழைத்தார், பார்த்தார். முகம் ஒரு கணம் கறுத்தது. அந்த ஒரு கணத்தில் நான் எதையெல்லாமோ எதிர்பார்த்தேன்.

பிறகு அவர் பேனாவை எடுத்து எழுதினார். ஆறாவது குறியில் ‘தாடி’ என்று கண்டிருப்பதைத் ‘தலைமயிர்’ என்று திருத்திக்கொள்ள வேண்டியது. மற்றபடி உத்தரவில் தலையிட முகாந்திரமில்லை. அசிரத்தையாக மனு எழுதியதற்காக மனு எழுத்தரின் லைசென்ஸ் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. நான் அவரிடம் காட்டியது குழி. அவர் அதன் மேல் ஓலையைப் போட்டு மூடிவிட்டார். வெளியே வந்ததும் நடேசன் உண்மையான பரிவோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வருஷம்தானே ஓய், போகட்டும் விடும், உத்தரவு இப்ப சுத்தமாயிடுச்சு பாரும்!”

சார்வு

திருத்திய உத்தரவைச் சம்பந்தப்பட்ட ஆளிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வாங்கி வர வேண்டும் என்பது கச்சேரியின் விதி, சார்வு என்று அதற்குப் பேர். அதற்கு ஒரு சேவகர் இருந்தார், ராவுத்தர் என்று கூப்பிடுவோம். வெயில், மழை எதுவானாலும் நடந்தே போவார். காப்பிக் கடையில் அவரைப் பார்த்தேன். அடைக்கி ஊருக்குத்தான் போய் வந்தேன் என்றார். புதுச் சங்கிலி போட்டிருக்கிறார்களாம், முன்னதைவிடத் தடிமன். கொழுந்தன், தானே வாங்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினாராம், ராவுத்தர் மறுத்துவிட்டார். கொட்டகைக்குள் போய், சாணியில் குத்த வைத்து உட்கார்ந்து, அவளுக்குத் திருத்தத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார். அவள் தலைமயிரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாளாம். இந்த விவகாரத்தில் அடைக்கியை நேரில் பார்க்கப் போன ஒரே சர்க்கார் மனிதர் அவர்தான். அவளைப் பார்க்கச் சொல்லி அவரை யாரும் அனுப்பவில்லை. பெருமையோடு காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே, நடேசன் செல்லாது என்று தள்ளிய அதே பெருவிரல்.

“ஆளைப் பாக்காம சார்வு பண்ற பளக்கம் நம்மகிட்ட கெடையாதுங்க, நேருல பாத்து, கையப் புடிச்சு, கைநாட்டு வாங்கிட்டுத்தான் வந்தேன்.”

ஒத்துக்கொண்ட குற்றம்

ஒரு காகிதத்தைப் பெற்றுக்கொள்ளச் செல்லுகிற விரல், ஒரு காகிதத்தைக் கொடுக்க ஏன் செல்லாது? இதை ஒரே வரியாக வைத்து நான் சொல்ல, இன்னாசி தன் லைசென்ஸில் மனுவாக எழுதினான். கைநாட்டு? ராவுத்தர் வேறொரு சம்மனோடு அந்தப் பக்கம் போனபோது வாங்கி வந்தார், எப்படி என்று நான் கேட்கவில்லை. பழைய மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இளைஞர், கண்ணாடி போட்டவர். சார்வையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு விரலையும் பார்த்தார். ஆளைக் கொண்டுவரச் சொன்னார். வண்டிக்குள் அல்ல, தன் மேசைக்கு எதிரே.

அன்று காலை நான் அடைக்கியிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தேன். கோளாறு உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு. உன் வயலுக்கு எந்த மடை என்று கேட்டார் மாஜிஸ்திரேட். பெரிய கம்மாய் ரெண்டாம் மடை, சுண்டிப் போனால் மூணாம் மடைக்காரர்களிடம் பேசி வாங்குவோம் என்றாள். எல்லை கேட்டார், நான்கு பக்கமும் சொன்னாள். போன வருஷம் என்ன வெள்ளாமை என்று கேட்டார். நான் கொட்டகையில் கிடந்தேன், கொழுந்தனைக் கேளுங்கள் என்றாள். அவர் புன்னகை செய்ததைப் பார்த்தேன். வளையத்தை அங்கேயே அறுக்கச் சொன்னார். அறுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே, சும்மா ஒப்புக்குத்தான் கேட்டார்: உனக்குச் சித்தத்தில் ஏதும் கோளாறு உண்டா? அடைக்கி என்னைப் பார்த்தாள். பிறகு பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்தாள். “இருக்குதுங்க எசமான், ஆடி மாசத்துல” என்றாள்.

பேனா நின்றது. சங்கிலி கூடாது, எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், கொழுந்தன் அவளுக்குச் சாப்பாட்டு நெல் கொடுத்துவர வேண்டும். ஆனால் தனக்குக் கோளாறு உண்டு என்று மேற்படியாளே ஒப்புக்கொள்வதால், வயலின் நிர்வாகத்தைப் பொறுத்தவரை பழைய உத்தரவே நீடிக்கும். நல்லவர்தான் அவர், வருத்தத்தோடுதான் எழுதினார். நடேசன் காகிதக் கட்டை மடக்கிக் கட்டிக்கொண்டே என்னிடம் முணுமுணுத்தார்.

“நாம என்ன பண்றது ஓய், தலையில கல்லைத் தானே தூக்கிப் போட்டுக்கிட்டாளே!”

அடைக்கி கேட்டது

அவள் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வளையம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. எனக்குக் கோபம். அத்தனை பாடுபட்டு, ஒரு சொல் பொய் சொல்ல மாட்டாமல் வயலை விட்டுவிட்டாயே என்றேன். இல்லை என்று சொன்னால் என் மகள் வருகிறதும் இல்லை என்று ஆகிவிடாதா, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன் என்று கேட்டாள். அப்போதுதான் நானும் சொன்னேன், அந்த முதல் மனுவை எழுதியவன் நான் என்று. “தெரியுங்க, அன்னிக்கே ஒங்க மொகத்துல தெரிஞ்சுச்சு” என்றாள். “அதையும் என்னையப் பாக்காம எளுதினீங்க, இல்லைன்னு சொல்லச் சொன்னதையும் என்னையப் பாக்காமத்தான் சொன்னீங்க” என்றாள். குரலில் கோபம் இல்லை, எல்லை சொன்ன அதே குரல்.

இப்போது அவள் தன் வயலின் ஓரத்தில் ஒரு குச்சுக் குடிசை போட்டுக்கொண்டு இருக்கிறாள். நடவு காலத்தில் தன் வயலிலேயே கூலிக்கு நடுகிறாள். சாப்பாட்டு நெல் சில மாதம் வருகிறது, சில மாதம் வருவதில்லை. ஒரு வருஷம் கழிந்து எனக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. பெட்டி மூடியிலிருந்த மாதிரியை நகத்தால் சுரண்டி எடுத்தேன், முழுதும் வரவில்லை. அதற்குப் பிறகு பைத்திய மனு என்று வந்தவர்களிடம், ஆளைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். அவர்கள் வேறு பெட்டிகளுக்குப் போனார்கள். மனுக்கள் நிற்கவில்லை, என் கையெழுத்து மட்டும் நின்றது. அன்று மரத்தடியை விட்டு எழுந்து போகும்போது அடைக்கி ஒன்று கேட்டாள். எந்த மனுவில் என்று எனக்குத் தெரியும், ‘ஆகையால்’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை ஓசைக்காகச் சேர்த்தவன் எவன் என்பதும் தெரியும்.

“கோளாறு இருக்குறவளுக்கு வயலு இருக்கப்படாதுன்னு எந்த மனுவுலங்க மொதமொதல்ல எளுதுனாங்க?”

தாடி நான் வளர்த்ததில்லை, ஆனால் தூங்காமை, தனியே பேசுதல், காரணமின்றிக் கண் கலங்குதல், உறவினரைக் கண்டால் எரிந்து விழுதல் என்று அந்த ஏழில் நாலு எனக்கு வந்துவிட்டபடியால், என் வீட்டிலிருந்து யாரேனும் மரத்தடிக்கு வந்தால், எழுதுகிறவர் தயவுசெய்து ஒரு தடவை என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.